ஜெனரல் எழுதாமல் விட்ட ஊர்

சிட்னியில் ஒரு தனியார் நூலகத்துக்கு முப்பத்தொரு பெட்டிகள் வந்து இறங்கின. எல்லாம் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்க ராணுவத்தில் ஜெனரலாக இருந்த எஸ்ரா ஹாலன்பி என்பவரின் சொந்தக் காகிதங்கள். சிட்னியில் குடியேறியிருந்த அவருடைய எள்ளுப்பேரன் வீட்டில் பெட்டிகளுக்கு இடமில்லை, பெருமைக்கு மட்டும் நிறைய இடம் இருந்தது. காகிதங்களைக் கொடுத்த கையோடு ஒரு கண்காட்சியும் கேட்டார்.

அந்தக் காலத்துக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவள் அங்கே பேர்ள் ஒருத்திதான். புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து ரயிலில் வருகிறவள். இலங்கையில், மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் எந்தக் கிறுக்கலும் அவளுக்குப் பிடிபடும். மூன்று மாதம் ஜெனரலின் வீரத்தைத் தேடினாள். முதல் பதினொரு பெட்டிகளில் பதவி உயர்வு கேட்ட விண்ணப்பங்கள். அடுத்த ஐந்தில், பதவி உயர்வு கிடைத்த மற்றவர்களைப் பற்றிய புகார்கள். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஆற்றங்கரைச் சண்டையன்று, வயிற்றோட்டத்தால் கூடாரத்தை விட்டு நகர முடியவில்லை என்று மனைவிக்கு எழுதியிருந்தார். அதே சண்டையில் தான் குதிரையில் முன்னால் பாய்ந்ததை விவரிக்கும் அறிக்கைக்கு நான்கு வரைவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் குதிரை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

பேர்ள் தனியே இருந்து சிரித்தாள். இருபத்துநாலாம் பெட்டி வரைக்கும்.

அதில் ஒரு நாட்குறிப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை: 'பூர்வகுடிகளின் ஊர் ஒன்றை எரித்தோம். புது பூட்ஸ் வந்தது, இடது கால் கடிக்கிறது.' மறுநாள் பக்கம் முழுக்க பூட்ஸ்தான். ஊரின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. போர்க்காலத்தில் ஷெல்லடிக்குத் தப்பி, தான் மன்னாரை விட்டு ஓடிய நாளை யார் எத்தனை வரியில் எழுதி வைத்திருப்பார்கள் என்று அவள் யோசித்தாள். அந்தப் பக்கத்தை நடுக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தாள்.

கண்காட்சிக்குப் பொறுப்பான மகாதேவன், சென்னைக்காரர், பதறிக்கொண்டு வந்தார்.

“குடும்பத்துக்காரங்க வர்றாங்க பேர்ள். இதை எடுத்துட்டு அவரோட வாளை வைக்கலாமே?”

“வாள் உறைக்குள்ள துருப்பிடிச்சு ஒட்டிக் கிடக்கு. இது அவர் கைப்பட எழுதினது.”

“ஆமா, ஆனா அந்தக் காலச் சூழல்னு ஒண்ணு இருக்கில்ல?”

“ஓம். எரிஞ்ச ஊருக்கும் ஒரு சூழல் இருந்திருக்கும்.”

விஷயம் நூலகக் குழுவுக்குப் போனது. குழு கூடிக் கலைந்து, பக்கம் இருக்கலாம், ஆனால் 'ஜெனரலின் அன்றாட வாழ்க்கை' என்று மேலே எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. திறப்பு விழாவில் எள்ளுப்பேரன் குனிந்து இரண்டு வரியையும் வாசித்தார். தங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே அகலமான பாதம் என்றார். விருந்தினர் சிரித்தார்கள்.

நூலகத்தின் இணையப் பட்டியலுக்கு எந்தக் குழுவும் கிடையாது. மறுநாள் பேர்ள் அதில் எழுதினாள்: 'ஊர் எரிப்பு. தேதி உண்டு. பெயரை ஜெனரல் எழுதவில்லை.'

ஆறு வாரம் கழித்து அதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவிலிருந்து ஒரு பூர்வகுடிப் பெண் எழுதினாள். ஹாலன்பியின் படை எரித்தது தங்கள் ஊர். பெயர் தங்களுக்குத் தெரியும். தேதிதான் தெரியாமல் இருந்தது. பேர்ள் பக்கத்தின் படத்தை உடனே அனுப்பினாள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று தொலைபேசியில் கேட்டு, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்து, பட்டியலில் சேர்த்தாள்.

இப்போது இணையத்தில் தன் எள்ளுத்தாத்தாவைத் தேடினால் அந்த ஊர்தான் முதலில் வருகிறது என்று எள்ளுப்பேரன் கோபமாக மின்னஞ்சல் போட்டார். என்ன பதில் எழுதுவது என்று மகாதேவன் கேட்டார்.

“பதிவு சரியா இருக்கு எண்டு எழுதுங்கோ,” என்றாள் பேர்ள்.

அவர் அப்படியே எழுதி அனுப்பினார்.