வரித்தாள் வராத வீடு

ஜெருசலேமின் பெய்த் ஹனீனாவில் நூறு சதுர மீட்டர் வீடு இருபது லட்சம் ஷேக்கல். இஸ்ரேல் கட்டிய சுவருக்கு இந்தப் பக்கம், கஃப்ர் அகப்பில், ஐந்து லட்சம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அட்டவணை போட்டால்தான் எனக்கு எதுவும் புரியும். எட்டு வீடுகளைக் குறித்து வைத்திருந்தேன்: விலை, மாடி, லிஃப்ட், சோதனைச் சாவடிக்கு எத்தனை நிமிடம்.

இருபது லட்சம் இருந்தாலும் பெய்த் ஹனீனா எங்களுக்கு ஆகாது. என் கணவன் இயாஸுக்கு ஜெருசலேம்காரர்களின் நீல அட்டை. நகர எல்லைக்குள் குடியிருக்காவிட்டால் அது போய்விடும். எனக்கு மேற்குக்கரைக்காரர்களின் பச்சை அட்டை. சுவரைத் தாண்ட அனுமதி இல்லை. நாங்கள் சேர்ந்து வாழ மிஞ்சியது கஃப்ர் அகப் மட்டும்தான். சுவருக்கு வெளியே, ஆனால் எல்லைக்குள்.

ஒன்பதாவது வீட்டைத் தரகர் அபு ஜரீர் காட்டினார். தெருக்கோடி. அதே வெள்ளைக் கல், அதே அளவு, ஆனால் பக்கத்துக் கட்டடத்தைவிட எழுபதாயிரம் குறைவு. லிஃப்ட் இல்லை, அதனால்தான் என்றார்.

"வயசுப் பொண்ணு, நாலு மாடி ஏறமாட்டியா? இல்ல, இவனுக்குத்தான் மூச்சு வாங்குமா?"

இயாஸ் சிரித்தான். பிறகு எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பதைக் கேட்டான்: நகராட்சி வரித்தாள் எங்கே?

"புதுக் கட்டடம் தம்பி. இன்னும் வரல. வந்தப்புறம் ஏன் வந்துச்சுன்னு அழுவ."

நகர எல்லை வரைபடத்தைப் பார்த்துவிடலாம் என்றான் இயாஸ். நான் அட்டவணையைக் காட்டினேன். லிஃப்ட் இல்லாத வீடுகள் எல்லாமே ஏறக்குறைய அவ்வளவு குறைவுதான். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டோம்.

ஜனவரியில் பக்கத்துக் கட்டடத்துக்கு வரித்தாள்கள் வந்தன. எதிர் ஜன்னல் உம் ஸுஹைர் தன்னுடையதை ஆட்டிக் காட்டினாள்.

"நாலாயிரம், ரனீம். குப்பை அள்ள ஒருத்தன் வரமாட்டான், இது மட்டும் தவறாம வருது."

திட்டிக்கொண்டே அதைப் பத்திரமாக உறையில் போட்டாள். நகர எல்லைக்குள் குடியிருப்பதற்கு அதுதான் சாட்சி.

எங்களுக்கு வரவில்லை. மார்ச்சிலும் வரவில்லை. எனக்கு ஏழாம் மாதம். இயாஸ் தானே நகராட்சிக்குப் போய் வரிசையில் நின்று, எங்களுக்கும் வரி போடுங்கள் என்று கேட்டான். எழுத்தர் திரையைத் திருப்பிக் காட்டினார். எல்லைக்கோடு இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் போகிறது. எங்களுடையது வெளியே.

போகாமலே இருந்திருக்கலாம். எல்லைக்கு வெளியே குடியிருப்பதாக அவன் பெயரில் விசாரணை தொடங்கியது. இனிப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறினாலும் நம்பமாட்டார்கள் என்றார் வழக்கறிஞர். அட்டை நிலைக்க, குழந்தையைப் பதிய, இயாஸ் பெய்த் ஹனீனாவில் அண்ணன் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு வருடமாவது. அதிகாரிகள் சொல்லாமல் வந்து பார்ப்பார்களாம்.

அவன் பெட்டியை மூடினான்.

"பல் பிரஷ் எடுத்துக்கிட்டியா?"

"அதத்தான் முதல்ல பாப்பாங்களாம்."

"நீ சொன்னப்பவே வரைபடத்தைப் பாத்துருக்கலாம்."

"எழுபதாயிரம் எனக்கும்தான் இனிச்சுது, ரனீம்."

அவன் படியிறங்குவது நாலு மாடிக்கும் கேட்டது. எதிர் ஜன்னலில் உம் ஸுஹைர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உங்களுக்கு வரித்தாள் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன்.