பெண்பாற் பொருள்கள் இறங்கிப்போன வீடு

மேசை வீட்டைவிட்டு இறங்கிப்போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரர் எலெயுத்தேரியோ, சுவரோரம் தரையில்; அவர் ஞானத்தந்தையாக நின்ற பிள்ளையின் அப்பா, அந்த முறையில் அவருக்குக் கொம்பாத்ரேயான ஹெர்வாசியோ, கவிழ்த்த மரப்பெட்டியின் மேல்; லாரிக்காரன் புளோரென்சியோ, வாசற்படியில்; காசில்தாவின் நீலக் கவுன், ஆணியில். நாற்காலிகள் வெள்ளிக்கிழமையே போய்விட்டிருந்தன.

எலெயுத்தேரியோவின் மனைவி காசில்தா கோபித்துக்கொண்டு பள்ளத்தாக்கிலிருந்த தங்கை வீட்டுக்குப் போன நாளிலிருந்து இது நடந்துவந்தது. சாப்பாட்டு வேளையில் "உப்பு" என்பதைத் தவிர அவர் பேசி அவள் கேட்டதில்லை. எங்கள் ஸ்பானியப் பேச்சில் ஒவ்வொரு பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோதான் பிறக்கிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மேசை, நாற்காலி, கட்டில், கரண்டி, கதவு எல்லாம் பெண். அவை ஒவ்வொன்றாக அவள் பின்னால் போயின. சட்டை பெண், ஆகவே அவருடைய சட்டைகளும் போயின. கவுன் ஆண், ஆகவே அவளுடைய கவுன் அவரோடு தங்கிவிட்டது. கத்தி, தட்டு, கடிகாரம் மிஞ்சின. வீடும் பெண்தான், ஆனால் அஸ்திவாரம் ஆண். அது பிடித்துக்கொண்டதால் வீடு பள்ளத்தாக்குப் பக்கம் சற்றே சாய்ந்ததோடு சரி.

அவர் கடிதம் எழுதாமல் இல்லை. காகிதம் ஆண், பேசாமல் கிடக்கும். மேலே "காசில்தா" என்று எழுதியதும் அது கடிதமாகிவிடும், கடிதம் பெண். கையைவிட்டு நழுவி, கதவில்லாத வாசல் வழியே போய்விடும். இரண்டு குளிர்காலம் இப்படியே போயிற்று. அந்த ஞாயிறன்று புளோரென்சியோ பதில் கொண்டுவந்திருந்தான்.

"'என் பேரு எனக்குத் தெரியும். கூப்பிட்டது போதும், எதுக்குக் கூப்பிடுறாருன்னு கேட்டுட்டு வா'ன்னாங்க, எலெயுத்தேரியோ ஐயா. உங்க கட்டில் வேற அவங்க நடுவீட்டுல நிக்குதாம். தங்கச்சி புருஷன் தினமும் கால் இடிச்சிக்கிட்டுத் திட்டுறாராம்."

ஹெர்வாசியோவுக்குச் சிரிப்பு வந்தது. "பேரை முதல்ல எழுதினா அது நிக்குமா, கொம்பாத்ரே? சங்கதியை எழுதுங்க. பேரைக் கடைசியில வைங்க."

"என்ன சங்கதி?"

"அதானே உங்க வியாதி."

அவர்கள் போனபின் எலெயுத்தேரியோ தரையில் குப்புறப் படுத்துப் பென்சிலால் எழுதினார். ஆலங்கட்டி மழையையும் உருளைக்கிழங்கு விலையையும் எழுதினார். காகிதம் அசையவில்லை. பிறகு எழுதினார்: "உன் கவுனோடு பேசுகிறேன். அது பதில் சொல்வதில்லை. இத்தனை வருஷம் என் எதிரில் உட்கார்ந்து நீ எப்படிச் சாப்பிட்டாய் என்று இப்போது தெரிகிறது. வா. வர மனமில்லாவிட்டால், நான் வரலாமா என்று சொல்."

கடைசியில் பெயரை எழுதினார். காகிதம் எழுந்தது. அதை முழங்காலால் அமுக்கி மடித்து, ரொட்டியை மென்று அந்தப் பசையால் விளிம்பை ஒட்டி, வாசற்படியில் வைத்தார். அது தெருவில் இறங்கி, லாரிக்கு இடம் விட்டு, ஓரமாகவே போனது. குழாயடியில் நின்ற பெண்கள், அவசரமாகப் போகிற எந்தப் பெண்ணுக்கும் விடுவதுபோல், வாளிகளை நகர்த்தி வழிவிட்டார்கள்.