ரேடியோ அண்ணனின் தங்கச்சி

மருத்துவமனையின் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் அன்று காலை நானூறு படுக்கை விரிப்புகள் மடிப்புக்காகக் குவிந்து கிடந்தன. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து ஓர் உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். ஒரு விரிப்புக்கு மூன்று தடவை கிட்ட வந்து மூன்று தடவை விலகியாக வேண்டும். ஒவ்வொரு தடவை கிட்ட வரும்போதும் ரேடியோ அண்ணன் ஒரு வாக்கியம் பேசுவார். விலகும்போது அடுத்ததை யோசித்துக்கொள்வார்.

"அவளுக்குக் குதிகால்ல ஒரு தழும்பு இருக்கும் பாத்துக்க" என்றார். விலகிப் போய்த் திரும்பி வந்தார். "என்னாலதான். சைக்கிள் முன்கம்பியில துண்ட மடிச்சுப் போட்டு உக்கார வச்சு பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவேன். ஒரு நாள் பேச்சு சுவாரசியத்துல சக்கரத்துல கால விட்டுட்டா."

அவள் என்றால் அந்தப் பாடகி. பேருந்திலும் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் யாருடைய குரல் கேட்டுக்கொண்டே இருக்குமோ அவள். ஒன்றுவிட்ட பெரியப்பா மகள், தனக்குத் தங்கச்சி முறை என்று ரேடியோ அண்ணன் சொல்லாத ஆள் அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் இல்லை.

எதிர்முனையைப் பிடித்திருந்தவள், "அப்படியாண்ணே" என்று மட்டும் கேட்டாள். வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். அந்தப் பாடகிதான் சின்னவள். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலைவாரி வளர்ந்தவர்கள். சின்னவளின் குதிகாலில் தழும்பு எதுவும் கிடையாது.

பதினோரு வருஷமாகப் பெரியவள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. காரணம் இருந்தது. முன்பு வேலை பார்த்த தையல் நிறுவனத்தில் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாளே ஒருத்தி தன் மகனைப் பாட வைக்கச் சொன்னாள், ஒருவர் நாற்பது பக்கம் கவிதை கொண்டுவந்து நீட்டினார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். "அவ்வளவு பெரிய ஆளோட அக்கா, இங்க வந்து பொத்தான் தைக்கிறியே" என்று உச்சுக்கொட்டினார்கள் பாருங்கள், அதுதான் ஆகவில்லை. கூடப்பிறந்தவளைக் கவனிக்காதவள் என்று தங்கைக்குக் கெட்ட பெயர். சின்னவளோ, தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நூறு தடவை கூப்பிட்டவள். பெரியவளுக்குத்தான் சூடான துணியின் வாசனையும், தன் சம்பளமும், தன் வீட்டுச் சாவியும் வேண்டியிருந்தது. அதனால் இங்கே சேர்ந்த அன்றே வாயைக் கட்டிக்கொண்டாள். உருவமும் உதவியது. இவள் அம்மாவைப் போலக் கட்டைகுட்டை. அவள் அப்பாவைப் போல நெட்டை. மூக்கு மட்டும்தான் இருவருக்கும் ஒன்று.

ஆனால் முதல் வாரமே ரேடியோ அண்ணன் அந்த உறவைச் சொன்னபோது, சிரிப்பை அடக்க அவள் விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தங்கையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"எனக்கு ஒரு அண்ணன் இருக்காரா? சொல்லவே இல்லியே யாரும்."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அதே கேள்விதான். "அண்ணன் இந்த வாரம் என்ன சொன்னாருக்கா?" எந்த ஊரில் எந்த மேடையில் பாடிவிட்டு வந்தாலும் அதைக் கேட்காமல் தூங்கமாட்டாள். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் போனபோது சின்னவளுக்கு நாலு வயது. அம்மா நாலு அலுவலகங்களில் தரை துடைத்துத்தான் இருவரையும் ஆளாக்கினாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரும் நடந்துதான் போனார்கள்.

சைக்கிள் கதையைச் சொன்ன ஞாயிறன்று சின்னவள் ஒன்று கேட்டாள். "நான் முன்னாடி உக்காந்தேனா, பின்னாடியா?"

"முன்னாடி. கம்பி குத்துமேன்னு துண்டு மடிச்சுப் போட்டாராம்."

"நல்ல மனுஷன்க்கா" என்றாள்.

அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். குழந்தைகளுக்கான புதிய பிரிவைத் திறந்துவைக்க அந்தப் பாடகி வருகிறார். கட்டடமே கலகலத்தது. தலைமைச் செவிலியர், தன் வாழ்நாளில் சலவைக்கூடத்துப் படி இறங்காதவர், தானே நேரில் வந்தார். "நீங்கதான் முதல்ல நிக்கணும். பூங்கொத்து உங்க கையால. வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று ரேடியோ அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியோ நின்றுவிட்டது. இரண்டு நாள் அவர் பேச்சுமூச்சில்லாமல் மடித்தார். முனைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. மூன்றாம் நாள், ஒரு விரிப்பைப் பாதியில் மேசைமேல் போட்டுவிட்டு, "நான் அந்தப் பொண்ணப் பாத்ததே இல்லம்மா" என்றார்.

பெரியவள் தன் முனையையும் மேசைமேல் வைத்தாள்.

"பத்தொம்பது வருஷம் இருக்கும். என் பொண்டாட்டி இதே ஆஸ்பத்திரியில நாலாவது மாடியில கெடந்தா. ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுது. ஆனா பாவி மக சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. சோறு வேணாம், தண்ணி வேணாம். ஒரு நாள் டிவியில இந்தப் பொண்ணு பாடுது. அப்பதான் புதுசு. இவ தலையைத் திருப்பிக் கேட்டா. ஒரு வாரத்துல அன்னிக்கிதான் திரும்பினா. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. இது யாருன்னு நினைச்ச, நம்ம பெரியப்பா பொண்ணுன்னுட்டேன். அப்புறம்? மேல சொல்லுன்னா. ஒரு வாய் கஞ்சி குடி, சொல்றேன்னேன்." அவர் கையை விரித்தார். "அப்படியே வந்துருச்சு. இன்னிக்கும் அவ அத நெசம்னுதான் நம்பிக்கிட்டு இருக்கா. புதுத் துணி எடுத்துத் தேச்சு மாட்டி வச்சிருக்கா. நான் லீவு போட்டுறட்டுமா?"

"வேணாம்ண்ணே. வந்து நில்லுங்க."

"நின்னு?"

"நில்லுங்க. நடக்கறது நடக்கட்டும்."

அன்று புதன்கிழமை. ஞாயிறல்லாத நாளில் அக்காவின் அழைப்பைக் கண்டதும் சின்னவள் பதறிப்போனாள். விஷயத்தைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது. "யோசிச்சுக்க" என்றாள் பெரியவள். "அத்தனை பேர் முன்னாடி ஒரு பொய்க்கு நீ ஆமாம் போடணும். அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாது."

"ஆள் எப்படி இருப்பாரு? அத மட்டும் சொல்லு."

"காதுல பேனா சொருகியிருப்பாரு. முன்பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கும்."

"நீ எங்க இருப்ப?"

"பின்னாடி வரிசையில. என்னப் பாத்துறாத. சிரிச்சுருவ."

திறப்பு விழா அன்று வாசலிலிருந்து மாடிப்படி வரை இரண்டு பக்கமும் ஆட்கள். ரேடியோ அண்ணன் பூங்கொத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, ஒல்லி உடம்பு, நரைத்த தலையைப் படிய வாரிக்கொண்டு, பெண் வீட்டார் மாதிரி நிமிர்ந்து நின்றாள். வண்டி வந்தது. சின்னவள் இறங்கினாள். மருத்துவமனை இயக்குநர் கும்பிட்டார், அவள் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே கண்ணால் வரிசையைத் துழாவினாள். பேனாவைப் பார்த்துவிட்டாள். நேராக வந்தாள்.

"அண்ணே" என்றாள். "இன்னும் போகலண்ணே அந்தக் குதிகால் தழும்பு. மழை நாள்ல அரிக்கும். அப்பல்லாம் உங்களத்தான் திட்டுவேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரேடியோ அண்ணனுக்குப் பூங்கொத்தைக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. அவளே வாங்கிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் திரும்பி, "அண்ணி" என்றாள்.

அந்த அம்மாள் கூட்டத்தையோ கேமராக்களையோ சட்டை செய்யவில்லை. இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை வருஷமா கேக்கறேன், ஒரு தடவை உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டு வரல இந்த மனுஷன். கேட்டா அவளுக்கு நேரமில்லம்பாரு. எப்படி இளைச்சுப் போயிருக்க. வேளாவேளைக்குச் சாப்பிடறியா?"

சின்னவள் பதில் தயாரித்துக்கொண்டு வராத கேள்வி இது ஒன்றுதான். அவளைப் பார்த்து ஊரே கைதட்டும், பூ வீசும். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு அக்காவை விட்டால் ஆள் கிடையாது. "வரேன் அண்ணி" என்றாள். "வீட்டுக்கு வரேன். நெசமா வரேன்." அவள் அதை நடிப்பாகச் சொல்லவில்லை என்பது பின்வரிசையில் நின்றிருந்த ஓர் ஆளுக்கு மட்டும் தெரிந்தது.

வரிசை நெடுகக் கைகொடுத்துக்கொண்டே சின்னவள் அந்தப் பின்வரிசைக்கும் வந்தாள். பார்க்காதே என்று சொன்னதைக் கேட்கிற பிள்ளையா அது? அக்காவின் கையைப் பிடித்து, மரியாதையாக, "நீங்க எந்தப் பிரிவுங்க?" என்று கேட்டாள்.

"சலவைங்க" என்றாள் பெரியவள், அவள் தோளுக்கு அப்பால் சுவரைப் பார்த்தபடி. உள்ளங்கையில் சுருக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. பெரியவள் தும்முவதுபோல் முகத்தை மூடிக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து ரேடியோ அண்ணன் படி இறங்கி வந்தார். பெரியவள் அதற்குள் துண்டுகளை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டிருந்தாள். அவர் வேலையைத் தொடவில்லை.

"தழும்பு விஷயத்த ஏன் எங்கிட்ட சொல்லலன்னு மேல என் பொண்டாட்டி சண்டை போடறா" என்றார். "எப்படிச் சொல்வேன்? அந்தக் கதை போன மாசம்தான் வாயில வந்துச்சு. இந்த மேசைக்கு முன்னாடி நின்னு, உங்கிட்டதான் சொன்னேன். வேற ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

பெரியவள் மேசைமேல் விரித்திருந்த சுருக்கமில்லாத துணியை நீவிவிட்டாள். அவர் கிட்ட வந்து அவள் நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். மூக்கு வந்ததும் பார்வை நின்றது. மெல்ல மெல்ல அவர் காது இரண்டும் சிவந்தன.

"பதினோரு வருஷம்" என்றார். "அப்படியாண்ணே, அப்படியாண்ணேன்னு."

"நல்லா இருந்துச்சுண்ணே கேக்க."

"செருப்பால அடிச்சிருக்கலாமே என்ன."

"ஞாயித்துக்கிழமையானா அவ கேப்பாண்ணே, அண்ணன் என்ன சொன்னாருன்னு. நீங்க நிறுத்திட்டா நான் எங்க போவேன் கதைக்கு?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்து குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார், பாதிப் பல் தெரிய, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய. வெகுநேரம் சிரித்து ஓய்ந்து, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூச்சப்படுகிற குரலில் கேட்டார்.

"ஏம்மா, சின்னதுல நெசமா எப்படி இருப்பா அவ?"

இதைக் கேட்டு யாரும் பெரியவளிடம் வந்ததில்லை. கேட்கும்படி அவளும் வைத்துக்கொண்டதில்லை. அவள் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"நடக்கவே மாட்டாண்ணே" என்றாள். "பாதி வழியில உக்காந்துக்குவா. பாட்டுப் பாடினாத்தான் தூக்கிட்டுப் போவேன்னு நான்தான் சொல்வேன். மூச்சு விடாம பாடுவா, கழுத்தக் கட்டிக்கிட்டு, என் காதுகிட்டயே..."

உலர்த்தும் இயந்திரம் மணியடித்து நின்றது. வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளைத் துண்டுகள் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.