மகன் பூ

எதிர்வீட்டுத் தையலக்காவுக்கு மாதாமாதம் பூ வரும். தூர தேசத்தில் வேலை பார்க்கும் மகன், இங்குள்ள பூக்கடையில் நிரந்தரமாகச் சொல்லி வைத்த ஏற்பாடு. நீளக் காம்பு, வாய் பிளந்த வெள்ளைப் பூ. மாடிப்படி முழுக்க மணக்கும். அதன் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. அக்கா 'மகன் பூ' என்பார். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். "மகன் பூ வந்தாச்சா?" என்று கீழ்வீட்டு டீச்சர் கேட்பதில் கொஞ்சம் நக்கல் இருக்கும். மகன் வந்தாச்சா என்று கேட்க வழியில்லையே, அவள் என்ன செய்வாள்.

பூ வந்தால் அக்கா வீட்டு மணி அடிக்கும். அங்கே மணி அடித்தால் என் வீட்டுக் கதவு திறக்கும். என் சுபாவம் அப்படி.

அக்காவுக்குத் துணை ஒரு பூனைதான். பெயர் 'ஏய்'. ஒரு மழை நாளில் படியேறி வந்ததை "ஏய், போ" என்று விரட்டினாராம். பூனை அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அன்று முதல் வெட்டுத்துணிக் குவியல் அதன் படுக்கை. கால்சட்டை ஓரம் மடிக்கக் கொடுத்தவர்கள் பூனை முடியையும் இலவசமாக வாங்கிப் போனார்கள். முன்பெல்லாம் எதிர்க் கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். பூனை வந்த பிறகு பேச்சுக் குரலும் கேட்டது. கேட்கக் கூடாதென்று காதைப் பொத்திக்கொள்ளும் ஆள் நான் இல்லை. பெரிதாக ஒன்றுமில்லை. நூல் விலை ஏறியது, ஜிப் மாட்டிக்கொண்டது, மகன் ஃபோன் எடுக்காதது.

பூனைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் அக்கா ஒரு பலகையைப் படித்துவிட்டார். 'அல்லி பூனைக்கு நஞ்சு. வீட்டில் வைக்காதீர்.' படம் கிடையாது, எழுத்து மட்டும். அக்காவின் பால்கனியில் பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் அல்லி பூத்துக் கிடந்தது. வந்ததும் வராததுமாகத் தொட்டியை இழுத்தார். படியெல்லாம் தண்ணீர். தொட்டி டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இனி ஏய்க்கு ஒரு ஆபத்தும் கிடையாது என்று மாடி மாடியாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த மாதப் பூ வழக்கம்போல மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மறுநாள் காலை அக்கா பூனையைத் தூக்கி வந்து எனக்குக் காட்டினார். மூக்கெல்லாம் மஞ்சள் பொடி. பவுடர் போட்டுக்கொண்டு எந்த மாப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறதோ என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட இல்லை. லைனிங் துணியில் சுற்றிய பூனையோடு அக்கா நின்றார். விடாமல் வாந்தி எடுக்கிறது, தலை நிற்கவில்லை என்றார். வண்டி பிடித்தேன்.

தடுப்பூசி போட்ட அதே இடம். டாக்டரம்மா பூனையின் மூக்கைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வீட்ல லில்லி வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க டாக்டர். இருந்த அல்லியையும் அப்பவே குடுத்துட்டேன்."

"அப்ப மூக்குல இருக்கிற பொடி?"

"அதுவா? அது மகன் பூ."

டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பூவின் அங்க அடையாளம் சொன்னேன். அவர் பலகையை ஒரு பார்வை பார்த்தார். லில்லிக்குத் தமிழ் அல்லிதானே என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். தண்ணீரில் கிடக்கும் அல்லி பரம சாது. கொல்வது இந்த லில்லி: இதழ், இலை, பொடி, ஜாடித் தண்ணீர்கூட. உடம்பை நக்கிச் சுத்தம் செய்தபோது பொடி உள்ளே போயிருக்கிறது. சிறுநீரகம் தாங்கினால் பிழைக்கும், வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

டிரிப் ஏற்றினார்கள். அக்கா அங்கிருந்த பெஞ்சை விட்டு நகரவில்லை. "இதுவும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?" என்று ஒருமுறை கேட்டார். என்னிடம் பேசலாமே என்று சொல்ல வாய் வந்தது. என்னிடம் பேசினால் ஊருக்கே பேசிய மாதிரி என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏய் நன்றாக ஒன்றுக்குப் போகிறது, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்று ஒருவழியாகச் சொன்னார்கள். பூனை ஒன்றுக்குப் போனதற்கு ஒரு மனுஷி அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூவைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டார். மேசையை மூன்று தடவை துடைத்தார். பிறகு மகனை அழைத்தார். மடியில் பூனை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்த நான் அங்கேயே நின்றேன். கிண்ணம் ஒரு சாக்குதான்.

"தம்பி, இனிமே பூ அனுப்ப வேண்டாம்பா."

"சரிம்மா. கடையில சொல்லிடறேன்."

அக்கா காத்திருந்தார். ஏன் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். பலகை, பொடி, டிரிப், எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

"வேற ஒண்ணுமில்லையேம்மா? மீட்டிங் இருக்கு."

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

மறுநாள் மொட்டை மாடியில் அக்காவும் நானும் துணி உலர்த்தும்போது டீச்சர் பூனையை விசாரித்தாள். இனி மகன் பூ வராதா என்றும் கேட்டாள்.

"நான்தான் வேண்டாம்னுட்டேன்," என்றார் அக்கா. "ஏம்மா, என்னாச்சுன்னு பதறிட்டான். பூனையப் பத்தியே அவ்வளவு நேரம் கேட்டான்."

டீச்சர் என் பக்கம் திரும்பினாள். இந்தக் கட்டடத்தில் எந்தச் செய்திக்கும் முத்திரை குத்துவது நான்தான். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா, நான் அங்கதானே இருந்தேன்," என்றேன். "கேள்வி கேட்டே துளைச்சு எடுத்துட்டாரு."

அக்கா ஏற்கெனவே பிழிந்திருந்த துணியை எடுத்து மறுபடியும் பிழிந்தார்.