வேங்கிக்காலுக்குப் போன சூடு

கோதண்டராமனின் வாடகைக் கார் எஞ்சினிலிருந்து காணாமல் போன சூடு, வேங்கிக்காலில் ஒரு பச்சைக்குழந்தையின் உடம்பில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இது தெரியவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. 1975 மார்கழியில், விவசாயி தருமனின் மனைவி வள்ளிக்கு மாதம் நிறையும் முன்பே வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்தக் காரின் பின்சீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. அணில் போலச் சின்ன உடம்பு. உண்ணாமுலை என்று பெயர் வைத்து, பஞ்சில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதன் பிறகு கார் சூடேறவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கிளம்பினால் ரமணாசிரமத்தைத் தாண்டுவதற்குள் நடுவுக்கு வந்துவிடும் டெம்பரேச்சர் முள், இப்போது செங்கம் போய்ச் சேர்ந்தும் அடியிலேயே கிடந்தது. பெட்ரோல் ஜாஸ்தி குடித்தது. ஏற்றத்தில் திக்கித் திக்கி நின்றது. மெக்கானிக் இருசப்பன், சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாமல் பிடித்துவைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பக்கத்து டீக்கடையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஒழுங்காகத்தான் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. ஆனாலும் புதிது ஒன்று போட்டார். முள்ளையும் மாற்றினார். வேலூர் போய்த் திரும்பிய எஞ்சினைத் தொட்டால் பானைத் தண்ணீர் போல இருந்தது. வேறு வழியில்லாமல் தை மாதம் எஞ்சினையே பிரித்தார். குறையொன்றும் தெரியவில்லை.

மறுநாள் திரும்பப் பூட்டி முடிக்கிற நேரத்தில் தருமன் சைக்கிளில் வந்து இறங்கினார். ராத்திரியில் மட்டும் சில்லிடும் குழந்தையின் உடம்பு நேற்றிலிருந்து சூடே ஆகவில்லை, பால் குடிக்கவில்லை, உடனே கார் வேண்டும் என்றார். வண்டி வழியில் நின்றுவிடக் கூடாதென்று இருசப்பனும் ஏறிக்கொண்டார். போய்ப் பார்த்தால் குழந்தை கதகதவென்று பால் குடித்துக்கொண்டிருந்தது. கோதண்டராமன் நிம்மதியாக எஞ்சினை அணைத்தார். காபி வருவதற்குள் குழந்தையின் பாதம் சில்லிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டியைக் கிளப்பியதும் பாதம் சுட்டது. வள்ளி குழந்தையோடு காரருகே நின்றாள். இருசப்பன் ஒரு கையை எஞ்சின் மேலும் மறு கையைக் குழந்தையின் காலிலும் வைத்துப் பார்த்தார்.

"எஞ்சின்ல கோளாறு இல்லீங்கண்ணே. சூடு ஆவுது. ஆனா இங்க வந்துடுது."

வள்ளி கோதண்டராமனின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் மனைவி கஸ்தூரிக்கும் பிள்ளை இல்லை.

"நீ போய்ப் படும்மா," என்றார் அவர். "நான் நிறுத்த மாட்டேன்."

அந்தப் பனிக்காலம் முழுக்க அவர் மலையைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். அவர் கண்ணசந்தால் இருசப்பன் ஓட்டினார். விஷயம் ஊரில் பரவியதும், மெதுவாகப் போனால் போதும் என்று சொல்லி அந்தக் காரையே தேடி ஏறினார்கள். குருக்கள் சம்பந்தமூர்த்தி நாலு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குக்கூட மலையைச் சுற்றிக்கொண்டு போனார். இவர்களுக்கெல்லாம் என்ன கைம்மாறு செய்வதென்று கோதண்டராமனுக்குத் தெரியவில்லை. இறங்குகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டார். சித்திரையில் அந்த வேலையை வெயில் எடுத்துக்கொண்டது, வண்டி ஓய்ந்தது. வருஷங்கள் போகப்போக, பனிக்காலத்திலும் முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. உண்ணாமுலை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

1985 மார்கழியில் ஒரு காலை, பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிய உடனேயே முள் நடுவைத் தாண்டியது. சூடு உண்ணாமுலைக்குப் போகவில்லையென்று கோதண்டராமனுக்குப் புரிந்தது. சவாரியை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு வேங்கிக்காலுக்கு விரட்டினார். போய் நிற்கும்போது, பனிக்காலத்தில் தண்ணீர் பார்க்கும் வழக்கமே விட்டுப்போன ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்தது. உண்ணாமுலை வாசலில் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, நெற்றி வியர்க்க நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு அவள் கையைத் தொட்டார். சுட்டது. வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார், சூடு குறையவில்லை.

"இனிமே இவளே பாத்துக்குவாம்மா," என்றார்.

வள்ளி உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, ரேடியேட்டர் ஆறும்வரை இடுப்பில் வைத்தபடி பக்கத்திலேயே நின்று, பிறகு சிந்தாமல் ஊற்றினாள்.