மேசையில் இல்லாதவள்

அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு டிவி நிலையத்திலிருந்து கிளம்பும்போதுதான் தயாரிப்பாளர் அதைக் கவனித்தார். விடுமுறை நாள் கால்பந்து ஆட்டத்துக்காக அவள் செய்த கார்ட்டூன் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நேரலையில் கோல் விழுந்ததும், அதை மறுபடி காட்டுமுன் கண்ணிமைக்கும் நேரம் வந்துபோகிற துண்டு. சாப்பாட்டு மேசையில் அப்பா, தாத்தா, இரண்டு பிள்ளைகள். பந்து உருண்டு வர, எல்லாரும் கையைத் தூக்கிக் கூத்தாடுவார்கள்.

"எல்லாம் சரி. இதுல அம்மா எங்கம்மா?" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாங்கு மாங்கென்று செய்தவள் கண்ணிலேயே அது படவில்லையே! அசைவு இயல்பாக வரவேண்டுமென்று, வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதைச் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டு வரைவது அவள் வழக்கம். மாமனார் தலையை ஆட்டி ஆட்டி மெல்லுவதும், மகள் நாற்காலியில் ஒரு காலை மடக்கிக்கொண்டு உட்காருவதும் அச்சு அசலாக வந்திருந்தன. படம் பிடித்தவள் படத்தில் எப்படி வருவாள்?

ஊரே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம், கொஞ்சம் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போ என்றார் தயாரிப்பாளர். பாவம், அவரும் காலையிலிருந்து பிஸ்கட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாதா? இன்றைக்காவது மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். போன விடுமுறைக்கும் கொடுத்த வாக்குதான். அதனால் மகள் காலையில் வெறுமனே தலையாட்டியிருந்தாள்.

மேசையில் புதிதாக ஒருத்தியை உட்கார வைத்தால் எல்லாருடைய கையையும் நிழலையும் மாற்றவேண்டும். பின்னால் இருந்த கதவைத் திறந்து அம்மாவை உள்ளே நடக்கவிடுவதுதான் சுலபம். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தோளில் பையோடு அறைக்கதவைத் திறந்துகொண்டு தானே நடந்து வந்தாள். பிடித்ததைப் போட்டுப் பார்த்தால், மூட்டை தூக்குகிறவள் மாதிரி இருந்தது. வரையும்போது முதுகை நிமிர்த்தி, முகத்தில் சிரிப்பையும் வைத்தாள். பிறகு வீட்டுக்குப் போன் செய்து, காத்திருக்க வேண்டாம் என்றாள். கணவர் சரி என்றார், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

எப்படியோ ஆட்டம் தொடங்குமுன் முடிந்தது. கம்ப்யூட்டர் எங்காவது திக்கினால் ஆள் வேண்டுமென்று அவளை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். முதல் கோலுக்குக் கார்ட்டூன் பிசகில்லாமல் போயிற்று. அறையில் யாரும் கை தட்டவில்லை. அடுத்த பொத்தானில் விரலை வைத்துக்கொண்டார்கள். அவள் போன் அதிர்ந்தது. மகள்.

"அம்மா, டிவில நீ வந்த."

"பாத்தியா கண்ணு?"

"ம். உன் பைதான் அது. அதுல மட்டும் சாப்பாட்டுக்கு வந்துட்டியேம்மா," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கோல் விழுந்துவிட்டது. திரையில் கதவு திறந்தது. பையும் சிரிப்புமாக அவள் உள்ளே வந்து, மேசையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். நாற்காலியைத் தொடுமுன் துண்டு முடிந்து, பந்து மறுபடி வலைக்குள் போனது.