மருந்துக்கடைக்காரரின் கைகள்

ஒக்தாவ் மல்லேயின் முகத்தைப் பார்த்தாலே பிரான்சில் ஜனங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். வழுக்கி விழும் தபால்காரர், மாமியாரிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் மாப்பிள்ளை என்று அவர் நடித்த வேடங்கள் அப்படி. அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூடக் கல்லறையில் யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அதை அவர் மன்னிக்கவே இல்லை. ஒரு தடவையாவது தன்னைப் பார்த்து ஒரு ஆள் பயப்பட வேண்டும் என்றுதான் அவர் இயக்குநரே ஆனார்.

எடுத்தது கொலை மர்மப் படம். துறைமுகத்தில் ஒரு பெண்ணின் பிணம் ஒதுங்குகிறது. கொன்றவர் யாருமே சந்தேகப்படாத மருந்துக்கடைக்காரர். கடைசிக் காட்சிவரை சும்மா தலைகாட்டிவிட்டுப் போவார். அந்த வேடத்தை ஒக்தாவ் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

வெளியீட்டுக்கு முன்னால் கொங்கார்னோவில் ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒக்தாவ் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் படத்தொகுப்பாளர் ஆர்லெத். திரையில் மருந்துக்கடைக்காரர் ஒரு கிழவிக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்ததுதான் தாமதம், முன்னால் இருந்த பச்சைச் சால்வைக்காரி புருஷனை இடித்தாள்.

"கொன்னவன் இவன்தான்."

"படமே இப்பத்தான்டி ஆரம்பிச்சிருக்கு. அதுக்குள்ள எப்படிச் சொல்ற?"

"பின்ன? இவ்ளோ பெரிய நடிகர் இருமல் மருந்து விக்கவா வந்தாரு?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அப்புறம் அந்த முகம் வந்தபோதெல்லாம் சிரிப்புதான், பிணத்துக்குப் பக்கத்தில் நின்றபோதும்.

படம் முடிந்து எதிர்ச் சாப்பாட்டுக்கடைக்குப் போனார்கள். முட்டை வைத்த கலெத் தோசை ஒக்தாவின் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொம்பளைக்கு வாய் ஜாஸ்தி."

"அவ வாயை விடு. உன் மூஞ்சிதான் பிரச்சினை," என்றார் ஆர்லெத். "அது வந்தா மர்மம் போச்சு."

"இந்த வேஷத்துக்காகத்தானே படமே எடுத்தேன்!"

"தெரியும். அதனாலதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தப்பு என் மேலயும் இருக்கு. மூஞ்சி தெரியாத ஆளாப் பாத்துப் போடு."

"அவன் பேர் வாங்கிட்டுப் போயிடுவான்."

"போகட்டுமே. படம் பிழைக்கும். எது வேணும் உனக்கு?"

ஒக்தாவ் சின்னப் பிள்ளைபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவரே தயாரிப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

கேம்பேர் நகரில் நாடகம் போடும் குல்வென் என்ற ஆளைப் பிடித்தார்கள். ஒக்தாவ் தன் வெள்ளை அங்கியைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, எங்கே பார்க்க வேண்டும், எங்கே மூச்சை அடக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். வயிறு எரிந்தது, ஆனாலும் ஒன்றையும் மறைக்கவில்லை. முகம் தெரியும் காட்சிகள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார்கள். ஒக்தாவின் கைகள் மட்டும் தெரியும் ஒரு காட்சி மிச்சமிருந்தது. விஷம் கலந்த சீசாவின் மூடியை, எந்த அவசரமும் இல்லாமல், அந்தக் கைகள் திருகும்.

"இதை மாத்த வேண்டாம்," என்றார் ஆர்லெத். "கையைப் பாத்து யாருக்கு அடையாளம் தெரியப்போகுது?"

பிரெஸ்த் நகரில் முதல் காட்சி. மருந்துக்கடைக்காரர் வந்தார், இருமல் மருந்து கொடுத்தார், போனார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அந்தக் கைகள் மூடியைத் திருகியபோது கொட்டகையில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் குல்வெனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒக்தாவ் மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நழுவினார்.

அங்கே ஒரு இளம்பெண், வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"முசியே மல்லே! உங்களைப் பாத்தாலே எனக்குச் சிரிப்பு தாங்காது. நீங்களும் ஒரு சீன்ல வந்திருக்கலாமே?"

"படம் பிடிச்சுதா?"

"பிடிச்சுதாவா? அந்தக் கை இருக்கே, ஐயோ! இன்னைக்கு விளக்கை அணைக்காமத்தான் தூங்கப் போறேன். இதுல ஒரு கையெழுத்து போடுங்களேன்."

டிக்கெட்டை நீட்டினாள். ஒக்தாவ் பையிலிருந்து தன் மைப்பேனாவை எடுத்து, எந்த அவசரமும் இல்லாமல், அதன் மூடியைத் திருகினார்.

பெண்ணின் சிரிப்பு நின்றது. கையைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள், தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் போனாள்.

ஒக்தாவ் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.